எழுபதுக்கு எழுபது

முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். அரை மதிப்பெண்ணுக்காக அப்பா அம்மாவெல்லாம் வந்து கெஞ்சியிருக்கிறார்கள், நான் இறங்கியதில்லை. வழிமுறை தப்பாக இருந்து விடை மட்டும் சரியாக வந்திருந்தால், "யாரைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டு முட்டை போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரரைக் கொன்ற காருக்கு ஏழு முறை பத்துக்குப் பத்து கொடுத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் போலீஸ் காகிதத்தில் அவரைக் கொன்றது கார் இல்லை, நான்.

அவரும் வாத்தியார்தான். நான் இருந்த அதே அரசுப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாரைப் பிள்ளைகள் 'முசே' என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்ற பிறகும் சாரத்தில் எங்கள் தெருமுனைக்குப் பால் வாங்கப் போனால்கூட, "பொன்ழூர் முசே!" என்று எவனாவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்குவான். அந்தப் பாசத்துக்குக் காரணம் இருந்தது. அவரிடம் யாரும் ஃபெயில் ஆனதே கிடையாது. அவர் திருத்தும் தாள்களை எட்டிப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

"ஏங்க, ஒரு வரிகூட ஒழுங்கா எழுதல. இதுக்கு எப்படிங்க பாஸ்?"

"பேர ஒழுங்கா எழுதியிருக்கான் இல்ல? விடு."

இப்படி எத்தனை சண்டை. நான் மார்க்கில் கஞ்சம், அவர் வள்ளல். மகள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பாள். அவள் இப்போது பிரான்சில் இருக்கிறாள்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் இழுத்ததே தவிர, நின்றுபோகவில்லை. காலும் கையும்தான் சொன்னபடி கேட்கவில்லை. வில்லியனூரில் ஒரு பிசியோதெரபி அம்மா நன்றாகச் செய்கிறார் என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தோம். ஏறும்போது ஒருநாள் சரிந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டதும், "கார் வாங்கிடலாம், நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு அறுபது வயது முடிந்திருந்தது. அதுவரை ஸ்கூட்டர்தான். டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் பேரன் வயது இருப்பான். முதல் நாள் அவனே பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் கற்றுக்கொண்டுவிட்டேன்.

வாங்கியது புதிதாக வந்த மாடல். சந்தைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கிளட்ச் கிடையாது. கீழே இரண்டே மிதி, ஒன்று ஓடுவதற்கு, ஒன்று நிற்பதற்கு. முன்னால் இரண்டு பேருக்கும் ஏர்பேக் உண்டு என்று விற்றவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு மாதம் தேர் மாதிரி போனது.

மூன்றாவது மாதம் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்தது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. ஏசி காற்று வந்துகொண்டே இருந்தது, ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டிக்கு அது தெரியவே இல்லை. எதிரே இருந்த எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன.

"நின்னுடுச்சா?" என்றார் பக்கத்திலிருந்து.

"இல்லீங்க, வேடிக்க பாக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

பின்னால் பஸ்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டி மெதுவாகப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன், கேட்டது. இரண்டாவது முறையும் கேட்டது. மூன்றாவது முறை மிதி கல்லாகிவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக் மிருதுவாக இருக்கும், அணைந்தால் ஒன்றிரண்டு மிதிக்குமேல் இறுகிப்போகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு காலையும் வைத்து அழுத்தி, கைபிரேக்கை இழுத்து, ஸ்டார்ட் பட்டனை நாலு முறை அமுக்கியபிறகு கிளம்பியது.

நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அதே வில்லியனூர் ரோட்டில்தான் இருக்கிறது, கண்ணாடிக் கட்டடம். புகாரை எழுதிக்கொள்ள அட்வைசர் என்று ஒரு பெண் வந்தாள், முப்பது வயது இருக்கும். குனிந்து காருக்குள் பார்த்தவள், கையிலிருந்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு துள்ளினாள்.

"முசே! என்னத் தெரியுதா முசே? ஒம்பதாவது, பி செக்‌ஷன்!"

"தெரியாம? கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம்" என்றார் அவர். அவருக்கு எல்லாரையும் தெரியும்.

"பிரெஞ்சுல நான் பாஸானதே உங்களாலதான் முசே" என்று சிரித்தாள். என்னைப் பார்த்து, "மிஸ், உங்க கிளாஸுன்னா எங்களுக்கெல்லாம் காய்ச்சலே வந்துடும்" என்றாள். கடற்கரைக் குப்பத்துப் பெண். அம்மா கூடையில் மீன் விற்றுப் படிக்கவைத்ததாகவும், இப்போது வீடு தன் சம்பளத்தில்தான் ஓடுவதாகவும் காபி வருவதற்குள் சொல்லிவிட்டாள். எனக்கும் அவளைப் பிடித்துத்தான் போயிற்று. அதை ஒளிப்பானேன்.

இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டார்கள். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தோம் மிஸ். ஃபால்ட் எதுவும் காட்டல. ஓட்டியும் பாத்தோம், நிக்கல."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"ஐயோ, அப்படிச் சொல்வனா மிஸ்? சுத்தம் பண்ணிக் குடுத்துருக்கோம். இனிமே வராது."

காகிதத்தில் 'வாடிக்கையாளரின் புகார் சரிசெய்யப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் வாட்ச்மேனிடம் கொடுக்கிற சீட்டு வரும். சீட்டு இல்லாமல் வண்டி வெளியே போகாது. போட்டேன். சாவியைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூணு நாள்ல கம்பெனிலருந்து ஃபோன் வரும் மிஸ். பத்துக்கு எத்தினின்னு கேப்பாங்க. பத்தே சொல்லிடுங்க மிஸ். ஒம்போது சொன்னாலும் எங்களுக்கு அது சைபர்தான்."

அவள் தலைக்குமேல் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. திருப்தி என்றால் கம்பெனியிடம் சொல்லுங்கள், குறை என்றால் எங்களிடம் சொல்லுங்கள் என்று பெரிய எழுத்தில். அதை அன்றைக்கு மரியாதையான வாசகம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. மூன்று மார்க் என்று மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன். இவர் இடது கையால் ஃபோனைப் பிடுங்கி, "பத்து" என்றார். அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ஏங்க, பாலத்துல செத்துப் பொழச்சோம். அதுக்குப் பத்தா?"

"பாவம், அந்தப் பொண்ணு. ஒரு நம்பர்ல என்னா இருக்கு, விடு."

ஒரு நம்பரில் என்ன இருக்கிறது என்று கணக்கு டீச்சரிடம் கேட்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அதற்குப் பிறகு பதினோரு மாதத்தில் இன்னும் ஆறு முறை போனோம். ஒருமுறை மூலக்குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது எஞ்சின் போனது. கடவுள் புண்ணியம், வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒருமுறை சிக்னலில் போனது. இடையில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், உட்கார்ந்த ஆளின் மார்புக்கு முன்னால் பலூன் இருக்கிற மாதிரி படம் போட்ட ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இந்த விளக்கு எரிந்தால் மோதலின்போது ஏர்பேக் திறக்காமல் போகலாம் என்று போட்டிருந்தது. அவளிடம் காட்டினேன். "ஏதோ ஒயரு லூசா இருக்கும் மிஸ், கிளியர் பண்ணிட்டோம்" என்றாள். விளக்கு அணைந்திருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி எரிந்தது.

நாலாவது முறை நான் நானாக இல்லை. அந்தக் கண்ணாடி ஹாலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். புதுக் கார் பார்க்க வந்திருந்த ஒரு தம்பதியிடம் போய், "வாங்காதீங்க, தயவுசெஞ்சு வாங்கித் தொலைக்காதீங்க" என்றேன். அவர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள். மேனேஜர் ஓடிவந்து மேடம், மேடம் என்றார், காபி கொடுத்தார், ஏசியைக் கூட்டினார். காரைத் தவிர எல்லாவற்றையும் சரிசெய்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "போதும், விடும்மா, பிரஷர் ஏறிடும்" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னை வாஷ்பேசின் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க வண்டி மட்டும் இல்ல மிஸ். இந்த மாடல்ல இன்னும் நாலு வண்டி இப்படித்தான் வருது. மேலருந்து சாஃப்ட்வேர் வரணும்ங்கறாங்க. அது வர வரைக்கும் நாங்க என்னா பண்றது? சொல்லுங்க."

"இத ஒரு தாள்ல எழுதிக் குடேன்."

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ்."

அந்த மாதமும் பத்துதான். இவர்தான் சொன்னார். ஐந்தாவது, ஆறாவது முறையெல்லாம் ஃபோன் வந்ததும் நானே அவரிடம் நீட்டிவிட்டேன்.

கம்பெனிக்கு நான் ஈமெயில் போடாமல் இல்லை. தேதி, நேரம், எந்த இடம், வெயில் எப்படி, பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்று வரிசையாக எழுதி ஐந்து முறை அனுப்பினேன். ஐந்துக்கும் ஒரே பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் அருகிலுள்ள டீலரை அணுகவும். டீலரிடம் போய்ப் பார்த்துவிட்டுத்தானேடா உனக்கு எழுதுகிறேன் என்று ஃபோனைப் பார்த்துக் கத்துவேன். இந்த மாடல் வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்ந்தேன். பார்த்தால் எல்லார் கதையும் இதேதான். நெடுஞ்சாலையில் நின்றது, ரயில்வே கேட்டில் நின்றது, பிரசவ வலியோடு போகும்போது நின்றது. படிக்கப் படிக்கப் பயமும் வந்தது, ஒரு விதத்தில் நிம்மதியும் வந்தது, எனக்கு மட்டும் இல்லை என்று.

அப்படியானால் ஏன் அதே வண்டியில் போனாய் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. சர்வீஸிலிருந்து வந்தால் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஓடும். அந்த மூன்று வாரத்தில் அவர் கால் ஒரு விரல்கடை கூடுதலாக எழும்பும். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கழிப்பறைக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டார். அதை எப்படி நிறுத்துவேன்?

ஏழாவது முறை வண்டி நின்றது ரெட்டியார்பாளையத்தில். ஏர்பேக் விளக்கும் எரிந்தது. மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. ஃபோன் வரவேண்டிய நாள் காலை அவள், 'மிஸ், ப்ளீஸ் 10' என்று கும்பிடுகிற கை படத்தோடு மெசேஜ் அனுப்பியிருந்தாள். கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் கிடுக்கி. எல்லாக் கேள்விக்கும் "பத்து, பத்து, பத்து, வையிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்கினேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முசே பக்கத்தில்கூட இல்லை. அந்தப் பத்து முழுக்க முழுக்க நான் போட்டது.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். வில்லியனூருக்குப் போகிறோம். அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பித்தானை அவரே போட்டுக்கொண்டார், இரண்டைத் தவிர. பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது அந்த அமைதி வந்தது. இப்போதெல்லாம் காதுக்கு முன்னால் உடம்புக்கே தெரிந்துவிடும்.

"நின்னுடுச்சா?" என்றார்.

பிரேக்கை மிதித்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. மறுபடி மிதித்தேன். அதற்குமேல் கல். கீழே இடது ஓரமாக ஒரு டிப்பர் லாரி டயர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டிருந்தது. என் பலம் முழுவதையும் போட்டு வலது பக்கம் திருப்பினேன். முக்கால்வாசி திரும்பிவிட்டது. லாரியில் மோதிய மிச்சக் கால்வாசி அவர் உட்கார்ந்திருந்த பக்கம்.

எந்தப் பலூனும் திறக்கவில்லை, அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஏசி காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு கையெலும்பு முறிந்தது. அவர் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நடுவில் கண் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் என்னோடு சண்டை போட்ட மனுஷன், என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓட்டிய வண்டியில் செத்தார்.

வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "பதட்டத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பீங்கம்மா. இந்த கிளட்ச் இல்லாத வண்டில வயசானவங்களுக்கு இது நடக்கறதுதான். நாங்க எத்தினி பாத்திருக்கோம்." எஞ்சின் அணைந்தது என்று கரடியாகக் கத்தினேன். எழுதிக்கொண்டார். பிறகு வண்டியைப் பரிசோதித்தார்கள். அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் முதல் அமுக்கிலேயே கிளம்பியதாம். எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பார்த்தால் பிரேக் ஏன் பிடிக்காது? பிடித்தது. விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்தது அல்ல என்று அறிக்கை வந்தது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக என்மேல் வழக்கு.

காரியம் முடிந்து நாலு மாதம் கழித்து கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. வக்கீல் மூலம் நான் அனுப்பிய நோட்டீசுக்கு. ஆழ்ந்த அனுதாபம் என்று ஆரம்பித்து, வாகனத்தில் குறை எதுவும் பதிவாகவில்லை என்று போய், கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். ஏழு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக என் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் நான் கொடுத்த மார்க். பத்து, பத்து, பத்து, பத்து, பத்து, பத்து, பத்து. கடைசித் தேதி விபத்துக்கு ஒன்பது நாள் முன்னால் என்பதைத் தடித்த எழுத்தில் காட்டியிருந்தார்கள். எழுபதுக்கு எழுபது. கை தானாகக் கீழே கோடு போட்டுக் கூட்டிவிட்டது, பழக்க தோஷம். என் வகுப்பில் சென்டம் வாங்கிய பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உங்கள் வண்டியும் நின்றது என்று ஒரு கடிதம் கொடுங்கள், கோர்ட்டில் வைக்கிறேன் என்று கேட்டேன். எல்லாரும் கும்பிடுகிற கை போட்டார்கள். கடிதம் ஒருத்தர்கூடத் தரவில்லை. பெயர் வெளியே வந்தால் வண்டியை விற்க முடியாதாம், ஒருத்தர் மட்டும் அதைத் தனியாகச் சொன்னார். குறைந்தபட்சம் அவருக்கு வாய் இருந்தது.

மகள் வந்து ஒரு மாதம் இருந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா? மிதிச்சது பிரேக்குதானா?"

"நீயுமாடி?" என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. ஆனால் அவள் போன பிறகு சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தேன். இது பிரேக், இது ஆக்சிலேட்டர். தினம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏழு முறை நான் சொன்னது பொய் என்று தாளில் இருக்கிறது. எட்டாவது முறை சொல்வது மட்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றாள். உள்ளே வந்து அவர் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழ விட்டேன். பிறகு நேராகக் கேட்டேன்.

"இன்னும் நாலு வண்டி இப்படி வருதுன்னு சொன்ன இல்ல? அத எழுதிக் குடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"முடியாது மிஸ். வேல போயிடும். அம்மாவுக்கு முட்டி போயி இப்ப மீனுக்குப் போறதில்ல. நான் ஒருத்திதான் மிஸ்."

"அப்ப எதுக்கு வந்த?"

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மனசு கேக்கல மிஸ். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரே ஒரு தடவ ஆறுக்குக் கீழ போட்டிருந்தீங்கன்னா, வண்டி நம்பர் தானா மேல போயிருக்கும். சென்னைலருந்து கம்பெனி இன்ஜினியரே வந்து பாக்கணும், அதான் ரூல்ஸு. அவரு பாக்கற வரைக்கும் வண்டிய வெளிய வுட மாட்டாங்க. பத்து போட்டா எங்களோட முடிஞ்சிடும் மிஸ்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"இது தெரிஞ்சுதான் பத்து கேட்டியா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் மிஸ். வேற யாராச்சும் திட்டுவாங்க, கொறச்சிப் போடுவாங்க." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "முசே குடுப்பாருன்னு தெரியும்."

அடித்துவிடுவேன் போலிருந்தது. நிஜமாகவே கை எழும்பியது. முறிந்து கூடிய கை, பாதியோடு வலித்து நின்றுவிட்டது. "போ" என்றேன். "போயிடு, என் கண் முன்னால நிக்காத." பழப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தெருமுனை தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏழு பத்தையும் முசேதான் கொடுத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பத்து என்னுடையது என்று நான் திருத்தவில்லை. செத்தவர் தலையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

முதல் வாய்தாவுக்கு முன்னால் வக்கீல் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "ஒத்துக்கிட்டீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சிடும்மா. உங்க வயசு, இறந்தது உங்க கணவர், அதையெல்லாம் ஜட்ஜ் பாப்பாரு. ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க. இல்லன்னு சொன்னா வருஷக்கணக்கா இழுக்கும். நம்ம பக்கம் ஒரு சாட்சி இல்ல." மகளும் ஃபோனில் அதையேதான் சொன்னாள், ஒத்துக்கிட்டு முடிச்சிட்டு இங்க வந்துடும்மா என்று. சரி என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். அலுத்துப்போயிருந்தது.

கோர்ட்டில் என் முறை வர மத்தியானம் ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் வலது கால் மறுபடி தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது, பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக். அப்போதுதான் அவர் குரல் ஞாபகம் வந்தது. இத்தனை மாதம் அதைக் கடைசிப் பேச்சு என்று மட்டும்தான் வைத்து அழுதிருக்கிறேன், அது என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்க்கவில்லை. நான் மிதித்தது ஆக்சிலேட்டராக இருந்தால் எஞ்சின் அலறியிருக்கும். பக்கத்தில் இருக்கிற மனுஷன் ஐயோ என்றிருப்பார், மெதுவா என்றிருப்பார். நின்றுவிட்டதா என்று கேட்டிருக்க மாட்டார். எஞ்சின் அணைந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு வரிக் கணக்கு. மக்கு மாதிரி இத்தனை நாள் அதைப் போடாமல் இருந்திருக்கிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றேன். கவனக்குறைவாக வண்டி ஓட்டி உங்கள் கணவரின் மரணத்துக்குக் காரணமாக இருந்தீர்கள் என்பது குற்றச்சாட்டு, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இல்லைங்க ஐயா" என்றேன்.

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். மூன்று மாதம் தள்ளி வாய்தா போட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு சாட்சி ஒரே ஒருத்தர்தான், அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. கேட்டதற்கு உண்மையைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டது வண்டி ஓட்டியதைப் பற்றி. பாலை இறக்கி வைத்துக்கொண்டே பத்து போட்டாயா என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டிருப்பேன்.